உலோகம் அசையும் இடம்

கார்பனேட் கனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியத் தொலை அகச்சிவப்பு நிறமாலையே கூரிய கருவி என்ற கூற்று பழையது. எர்னஸ்ட் ஆஞ்சினோ 1967இல் 'அமெரிக்கன் மினரலாஜிஸ்ட்' இதழில், அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 500 முதல் 30 வரையிலான பகுதியில் சில கார்பனேட்டுகளின் நிறமாலைகளை வெளியிட்டார். 43 ஆண்டுகள் கழித்து, 2010இல், அதே இதழில் தத்தியானா புருசென்ட்சோவா, ராபர்ட் பீல், ஜார்ஜ் ஹார்லோ, டென்டன் ஈபெல் முதலியோர் அதே பொருளுக்குத் திரும்பினார்கள். இடையில் 2002 ஜனவரியில், கெம்பரும் அவருடைய குழுவினரும் முதிர்ந்த விண்மீன்களைச் சூழ்ந்த தூசியில் கால்சைட்டும் டோலமைட்டும் இருப்பதாக 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அவர்கள் காட்டிய சான்று தொலை அகச்சிவப்புப் பட்டைகள் மட்டுமே. இம்மூன்று உழைப்புக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: நீண்ட அலைநீளத்தில் ஒவ்வொரு கார்பனேட்டும் தனக்கே உரிய பட்டைகளைக் காட்டும்; அவற்றைக் கண்டால் கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடலாம். அந்த நம்பிக்கை எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மலாக்காவில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஈப்போவைச் சுற்றி நிற்பதுபோன்ற சுண்ணாம்புக்கல் குன்றுகள் இங்கே கிடையாது. ஆனாலும் கார்பனேட் மூன்று வழியில் நம் கைக்கு வந்து சேர்கிறது. கெராங் என்ற சிப்பியின் ஓட்டில் அது அரகோனைட். பழைய கட்டடங்களின் சுண்ணாம்புச் சாந்தில் அது கால்சைட். ஜாசின், அலோர் காஜா வட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்கு மூட்டையில் வந்திறங்கும் ஜி.எம்.எல். என்ற மக்னீசியச் சுண்ணாம்புத் தூளில் அது டோலமைட்டும் கால்சைட்டும். அரைத்துப் பரப்பினால் மூன்றையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஒரு முறையின் தகுதியை அருங்காட்சியகப் பேழையில் உறங்கும் தூய படிகத்தைக் கொடுத்து மட்டும் சோதித்தால் போதாது. சுவரில் உதிர்ந்ததையும் மூட்டையில் கிடப்பதையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கார்பனேட்டுகளைப் பிரித்தறிவதில் உள்ள சிக்கல் அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே அயனி: நடுவில் கார்பன், சுற்றிலும் முக்கோணமாக மூன்று ஆக்சிஜன். மாறுவது இந்த அயனிகளுக்கு இடையே அமர்ந்த உலோகம். சில கனிமங்களில் அடுக்கு முறையும் மாறும். அலையெண் 4000 முதல் 400 வரையிலான இடை அகச்சிவப்பில் நாம் காண்பது பெரும்பாலும் அயனியின் உள்ளதிர்வுகளைத்தான். பிணைப்புகள் சமமின்றி நீண்டு குறுகுவது 1400-1500 அளவில், அயனி தன் தளத்துக்கு வெளியே குழிவது 850-890 அளவில், தளத்துக்குள் வளைவது 700-750 அளவில். உலோகம் இந்த அசைவுகளில் நேரடியாகப் பங்கேற்பதில்லை. அது அண்டை வீட்டுக்காரர் போல. அதன் இருப்பு சுவர் வழியாகத்தான் உணரப்படும்.

ஆனால், இடை அகச்சிவப்பு கார்பனேட்டுகளுக்கிடையே குருடு என்று தொலை அகச்சிவப்பின் ஆதரவாளர்கள் சிலர் தரும் தொனி நியாயமற்றது. ஹுவாங், கெர் இருவரும் 1960இலேயே இந்தப் பகுதியில் கார்பனேட்டுகளை முறையாக வரிசைப்படுத்திக் காட்டினார்கள். தளத்துள் வளையும் பட்டை கால்சைட்டுக்கு 712 அருகே, டோலமைட்டுக்கு 728 அருகே, மக்னீசியக் கார்பனேட்டான மேக்னசைட்டுக்கு 748 அருகே விழுகிறது. அரகோனைட் இதே இடத்தில் 700, 713 என இரட்டைப் பட்டை காட்டுகிறது; அதன் தளம் குழியும் பட்டையோ கால்சைட்டின் 876ஐ விட்டு 860க்குக் கீழே இறங்கிவிடுகிறது. நல்ல கருவி வைத்திருப்பவருக்கு இந்த இடைவெளிகள் போதும். கால்சைட்டையும் அரகோனைட்டையும் பிரிக்க எவரும் தொலை அகச்சிவப்புக்குப் போக வேண்டியதில்லை. அப்படிப் போவது வீண் செலவு.

இடை அகச்சிவப்பு உண்மையில் தடுமாறும் இடம் வேறு. ரோடோகுரோசைட் என்ற மாங்கனீசு கார்பனேட்டின் வளைவுப் பட்டை 726 அருகே. டோலமைட்டின் பட்டையிலிருந்து அதைப் பிரிப்பது இரண்டோ மூன்றோ அலகு. சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் 737 அருகே. இயற்கையில் இந்தக் கனிமங்கள் ஒன்றின் உலோகத்தை மற்றொன்று ஏற்று நகர்ந்துகொண்டே இருக்கும்போது, சில அலகு வேறுபாட்டை வைத்துப் பெயர் சூட்டுவது துணிச்சல். தொலை அகச்சிவப்பின் வழக்கு இங்கேதான் தொடங்க வேண்டும். குருட்டுத்தனத்தைக் குற்றமாகச் சாட்டுவதைவிட இந்தக் குறுகிய இடைவெளியைச் சுட்டுவதே நேர்மையான வாதம்.

அலையெண் 400க்குக் கீழே இறங்கியதும் அசைவின் தன்மையே மாறிவிடுகிறது. கார்பனேட் அயனி உள்ளே நெளிவதை விட்டு, முழு உருவாக ஒரு புறம் நகர்கிறது, திரும்புகிறது. உலோகம் எதிர்ப்புறம் நகர்கிறது. படிகக்கூடே அசைகிறது; இதுவே கூட்டதிர்வு. அப்படி அசையும்போது உலோகத்தின் நிறையும், ஆக்சிஜனோடு அதற்குள்ள பிணைப்பின் விறைப்பும் நேரடியாகக் கணக்கில் வருகின்றன. கால்சியத்தின் அணுநிறை 40, மக்னீசியத்தினது 24. மக்னீசியத்தின் பிணைப்பு குறுகியது, விறைப்பானது. விளைவைப் பாருங்கள். கால்சைட்டின் அடிமட்டக் கூட்டதிர்வுகள் 92, 102 அளவில் தொடங்குகின்றன. மேக்னசைட்டில் அதற்கு ஒப்பானவை 225, 230 அளவில்தான் தொடங்குகின்றன. இடை அகச்சிவப்பில் இவ்விரு கனிமங்களுக்கும் இடையே 5 விழுக்காடாக இருந்த வேறுபாடு இங்கே இரு மடங்குக்கும் மேல். ஒரு கனிமம் உரக்கப் பேசும் இடத்தில் மற்றது மௌனமாக இருக்கிறது. பிரித்தறியும் முறை எதற்கும் இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

இந்தத் தகுதிக்குப் போட்டியாளர் ஒருவர் உண்டு. ராமன் நிறமாலையும் இதே தாழ்ந்த அலையெண் பகுதியைக் காட்டுகிறது. கண்ணுக்குப் புலனாகும் லேசர் ஒளியே அதற்குப் போதும். மாதிரியை அரைக்கவும் வேண்டாம். கால்சைட் 156, 282. டோலமைட் 176, 300. மேக்னசைட் 213, 330. அரகோனைட் 153, 206. இந்தக் கோடுகள் கனிமவியலாளர்களுக்கு மனப்பாடம். பிறகு தொலை அகச்சிவப்பு எதற்கு?

இந்தக் கேள்விக்குப் படிகச் சமச்சீர்மைதான் விடை சொல்கிறது. 1939இல் பகவந்தமும் வெங்கடராயுடுவும் இந்திய அறிவியல் அகாதமியின் நடவடிக்கைத் தொகுப்பில், படிகத்தின் சமச்சீர்மையிலிருந்து அதன் அதிர்வுகளைக் கணக்கிடும் முறையை வகுத்துக் காட்டினார்கள். இன்றும் அதே கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறோம். கால்சைட்டில் ஒவ்வொரு கால்சியம் அயனியும் ஒரு தலைகீழாக்க மையத்தில் அமர்ந்திருக்கிறது. அப்படி அமர்ந்த அணு ராமன் செயலுள்ள அதிர்வு எதிலும் அசைய முடியாது. ராமன் காட்டும் இரண்டு கூட்டதிர்வுகளிலும் கால்சியம் நின்ற இடத்தில் நிற்கிறது. கார்பனேட் அயனிகள் மட்டுமே ஆடுகின்றன. அகச்சிவப்பு காட்டும் ஐந்து கூட்டதிர்வுகளில்தான் உலோகம் அசையும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே, கால்சைட் குடும்பத்தில் உலோகத்தை ராமன் அறிவது பிணைப்பின் விறைப்பு வழியாக மறைமுகமாக. அதன் நிறையை நேரில் உணர்வது அகச்சிவப்பு. வசதியில் ராமன் முந்துகிறது. எந்தச் செய்தியைத் தர முடியும் என்ற கொள்கை அளவில் தொலை அகச்சிவப்பு முந்துகிறது. இந்த வேறுபாட்டைத் துல்லியமாகச் சொல்லாமல் இரண்டு முறைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகும் வழக்கம் இத்துறையில் மிகுந்துவிட்டது. அது திறனாய்வைத் தட்டிக்கழிப்பது.

இன்னொரு நயமும் உண்டு. டோலமைட்டில் கால்சியமும் மக்னீசியமும் அடுக்கடுக்காக மாறி மாறி அமர்வதால் படிகத்தின் சமச்சீர்மை ஒரு படி குறைகிறது. அகச்சிவப்பு காட்டும் கூட்டதிர்வுகள் ஐந்திலிருந்து ஆறாகின்றன. ஆகவே டோலமைட் என்பது கால்சைட்டுக்கும் மேக்னசைட்டுக்கும் நடுவில் விழும் வெறும் சராசரி அல்ல. பட்டைகளின் எண்ணிக்கையே வேறு. வெறும் கலவையையும் ஒழுங்கமைந்த இரட்டை உப்பையும் ஒரு நிறமாலை இப்படி அமைப்பு அளவில் வேறுபடுத்துவது உண்மையான சாதனை. அரகோனைட் குடும்பத்தில் நிலைமை எதிர்மாறு. ஓர் அலகுக் கூட்டில் நான்கு வாய்பாட்டு அலகுகள் இருப்பதால் பட்டைகள் மிகுந்து நெருக்கமாகின்றன. ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ஈயம் என்று உலோகம் கனக்கக் கனக்க அவை கீழே இறங்குவதால் குடும்பத்தாரைப் பிரிக்க முடிகிறது. ஆனால் எந்தப் பட்டை எந்த அசைவு என்று ஒதுக்கீடு செய்வது அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

2010இன் ஆய்வை இந்த அளவுகோலால் பார்க்கலாம். மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தின் நிறமாலை ஆய்வுக்கூடமும் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் கூடிச் செய்த வேலை அது. அதன் தலையாய பலம் இந்தக் கூட்டணியே. கனிமத்தின் அடையாளம் உறுதியாகாத ஒரு நிறமாலைத் தொகுப்பு எத்தனை அழகாக இருந்தாலும் பயனற்றது. அருங்காட்சியகத்துக் கனிமவியலாளர் கூட இருக்கும்போது அந்த அபாயம் குறைகிறது. பல கார்பனேட்டுகளை ஒரே கையால், ஒரே முறையில் அளந்து பக்கம் பக்கமாக வைத்தது இரண்டாவது பலம். ஆஞ்சினோவின் காலத்திலிருந்து சிதறிக் கிடந்த தரவுகளை ஒப்பிட முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்: ஒருவர் ஒரு சுரங்கத்துக் கனிமத்தை எடுப்பார், மற்றவர் வேறொன்றை, ஒருவர் ஒற்றைப் படிகத்தின் பிரதிபலிப்பை அளப்பார், மற்றவர் தூளின் உட்கவர்தலை. அந்தக் குழப்பத்தைக் குறைத்தது பெரிய தொண்டு.

குறை, தூள் அளவீட்டின் இயல்பிலேயே இருக்கிறது. இந்த ஆய்வுக்கு மட்டும் உரியதல்ல. நிறமாலையில் தெரியும் பட்டையின் இடம் கனிமத்தின் சொத்து மட்டும் அல்ல. துகளின் வடிவமும், துகளைச் சூழ்ந்த ஊடகமும் அதை நகர்த்தும். கால்சைட்டே சான்று. ஒற்றைப் படிகத்தில் 92, 102 அலையெண்ணில் இருக்கும் அடிப்படை அதிர்வுகள், நுண்துகளாக அரைக்கப்பட்டதும் 109 அருகே ஒரு பட்டையாக எழுகின்றன. 10,000ஐ 109ஆல் வகுத்தால் சுமார் 92 மைக்ரோமீட்டர்; பின்னால் வரும் வானத்து வழக்கில் வானியலாளர்கள் பேசும் 92 மைக்ரோமீட்டர் அதுதான். அலையெண் 92க்கும் அலைநீளம் 92க்கும் தொடர்பில்லை. எண்கள் ஒத்துப்போனது தற்செயல். இந்த நகர்வு சிறு திருத்தம் அல்ல. கால்சைட்டுக்கும் இன்னொரு கார்பனேட்டுக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிடத்தக்க அளவு அது. பாலிஎதிலீனில் பொதிந்து அளந்த துகளின் பட்டையை வெற்றிடத்தில் மிதக்கும் துகளின் பட்டையாக வாசிக்க வேண்டுமானால் இடையில் ஒரு கணக்கு தேவை. அட்டவணையைப் பார்த்துப் பெயர் சொல்லும் முறையில் அந்தக் கணக்குக்கு இடமில்லை.

வெப்பநிலை இன்னொரு தடை. குளிரும்போது கூட்டதிர்வுப் பட்டைகள் ஒடுங்கிக் கூர்மையாகின்றன, அலைநீளம் குறைந்த பக்கம் நகர்கின்றன. தாமஸ் போஷும் உடனிருந்தவர்களும் 2007இல் இதை முன்வைத்தே, விண்வெளிக் கார்பனேட்டுகளைப் பேச அறை வெப்பநிலைத் தரவு போதாது என்று எழுதினார்கள். தங்கள் ஆய்வின் தலைப்பிலேயே அவர்கள் அதைச் சவால் என்று குறித்தார்கள். அது சரியான சொல்.

மூன்றாவது தடை கனிமங்களின் கலப்பு. சிடரைட்டும் மேக்னசைட்டும் ஒன்றிலொன்று கரைந்து தொடர்ச்சியான வரிசை ஆகின்றன. பட்டையும் தொடர்ச்சியாக நகரும். அப்போது பட்டையின் இடம் ஒரு பெயரைச் சொல்லாது, ஒரு விகிதத்தைச் சொல்லும். உலோகம் இரண்டானால் அந்த விகிதம் நன்கு பயன்படும். கால்சியம், மக்னீசியம், இரும்பு மூன்றும் கலந்த ஆங்கரைட்டில் ஒரு பட்டையின் இடத்துக்குப் பல விடைகள் பொருந்தும். அங்கே தனித்து நின்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்த முறைக்கு இல்லை. வேதியியல் பகுப்பாய்வின் துணை வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் பொருளுக்கு மிக அருகில் வந்த வேலை, சென்னை பச்சையப்பன் கல்லூரியின் இயற்பியல் துறையிலிருந்து குணசேகரன், அன்பழகன், பாண்டி மூவரும் 2006இல் ராமன் நிறமாலைக்கான சர்வதேச இதழில் வெளியிட்ட கட்டுரை. கால்சைட் அமைப்புடைய கார்பனேட்டுகளின் ராமன், அகச்சிவப்பு நிறமாலைகளை ஒருங்கே எடுத்துக்கொண்டது அது. மேலே சொன்ன சமச்சீர்மை வாதத்தின் இரு பக்கங்களையும் ஒரே கட்டுரைக்குள் கொண்டுவரும் இந்த அணுகுமுறையே சரியானது. உலகெங்கும் அது மேற்கோளாக எடுத்தாளப்படுவதில் வியப்பில்லை. சேலத்து மேக்னசைட்டும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் இருக்கும் நிலத்தில், மிகத் தாழ்ந்த அலையெண் பகுதிக்கும் இதே பாணியில் முழுத் தொகுப்பு ஒன்று எழ வேண்டும். இந்த மலாக்காவுக்கு வந்த நம் முன்னோர் பலர் அந்த மாவட்டங்களிலிருந்தே கப்பலேறியவர்கள் என்பதால் மட்டும் சொல்லவில்லை. ஒப்பிடத் தகுந்த தூய கனிமம் அங்கே ஏராளமாக இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

இனி வானத்து வழக்கு. ஐ.எஸ்.ஓ. என்ற ஐரோப்பிய அகச்சிவப்பு விண்கலம் 1995 நவம்பரில் ஏவப்பட்டு 1998 வரை வேலை செய்தது. அதன் தரவில், என்.ஜி.சி. 6302, என்.ஜி.சி. 6537 என்ற இரு கோள்வடிவ நெபுலாக்களில் 92 மைக்ரோமீட்டர் அருகே அகன்ற பட்டை ஒன்றைக் கெம்பர் குழுவினர் கண்டு, அதைக் கால்சைட் என்றார்கள். 60க்கும் 70க்கும் இடையே டோலமைட்டையும் கண்டதாகச் சொன்னார்கள். விளைவு பெரிது. கார்பனேட் என்றால் திரவ நீர் இருந்த இடம் என்பது கோளறிவியலின் பழைய ஊகம். நீர் தேங்க இடமே இல்லாத விண்மீன் தூசியில் கார்பனேட் இருக்குமானால், சூரிய மண்டலத்துக் கார்பனேட் எல்லாம் நீருக்கான நேர்ச்சான்று என்று சொல்ல முடியாது. ஒரு பட்டையின் மேல் இத்தனை பெரிய முடிவு.

ஆய்வின் முறை கண்ணியமானது. ஃபோர்ஸ்டரைட், என்ஸ்டடைட், டையோப்சைட், நீர்ப்பனி என்று தெரிந்த பொருள்களை எல்லாம் சேர்த்துப் பொருத்திப் பார்த்து, அவற்றால் நிரம்பாத இடத்துக்குத்தான் கார்பனேட்டைக் கொண்டுவந்தார்கள். முதலில் எளிய விளக்கங்களைச் செலவழித்துவிட்டுப் புதியதை அழைப்பது நல்ல ஒழுங்கு. ஆயினும் கால்சைட்டையும் டோலமைட்டையும் ஒரே தட்டில் வைத்தது பிழை. கால்சைட்டின் 92 பட்டை நிற்கும் இடத்தில் போட்டி குறைவு. டோலமைட்டின் பட்டை விழும் 60-70 பகுதியிலோ டையோப்சைட் 65 அருகேயும் நீர்ப்பனி 60ஐ ஒட்டியும் அமர்ந்திருக்கின்றன. நெரிசலுக்குள் மிச்சமாகக் கிடைத்த ஒரு மேட்டை டோலமைட் என்று பெயரிட்டது சான்றின் வலுவுக்கு மீறியது. கால்சைட்டும்கூட ஒரே ஒரு பட்டையால் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் இந்த முறைக்கு வலிமை தருவது பல பட்டைகளின் கூட்டமைப்பு. தொலைவில் அந்த வலிமை கிடைப்பதில்லை. நீரேறிய சிலிக்கேட்டுகள் சிலவும் 100 மைக்ரோமீட்டரை ஒட்டி அகன்ற பட்டை காட்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கோட்பாட்டாளரும் அமைதியாக இருக்கவில்லை. ஃபெரரோட்டியும் கைலும் 2005இல் விண்மீன் காற்றில் கால்சியம் கார்பனேட் குறிப்பிடத்தக்க அளவு உருவாக முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு டொப்பானி குழுவினர் நீராவியும் கரியமில வாயுவும் மிகுந்த வாயுவிலிருந்து நேரடியாகக் கார்பனேட் உறையும் என்று ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். இருவரையும் வைத்து என் எடை: கால்சைட்டை நிபந்தனையோடு ஏற்கலாம், டோலமைட்டை இன்னும் ஏற்க முடியாது. இளம் விண்மீன்களின் உறைகளிலும் 90-110 மைக்ரோமீட்டர் பகுதியில் பட்டை கண்ட கியவாசா குழுவினர் தங்கள் 2005 கட்டுரைத் தலைப்பில் கால்சைட் என்ற சொல்லுக்குப் பின் ஒரு கேள்விக்குறி வைத்தார்கள். அந்தக் கேள்விக்குறிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

வானத்திலிருந்து டச்சு சதுக்கத்துக்கு வருவோம். 1650இல் எழுந்த ஸ்டாடுஹைஸ், 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம், போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சந்தியாகு வாயில் என்று மலாக்காவின் பழைய சுவர்கள் செம்பூரான் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. கடலோர ஊர்களில் சுண்ணாம்பு கிடைத்த வழி சிப்பியையும் பவளத்தையும் சுடுவது. சுட்டு, நீற்றிப் பூசிய சாந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக் கால்சைட்டாகிறது. சரியாக வேகாத சிப்பித் துணுக்கு அரகோனைட்டாகவே நின்றுவிடலாம். ஒரு சுவரிலிருந்து உதிர்ந்த சாந்தில் இரண்டும் இருக்கின்றனவா என்பது பொருளுள்ள கேள்வி. சுண்ணாம்பு எதிலிருந்து சுடப்பட்டது, எவ்வளவு கவனமாகச் சுடப்பட்டது என்பதை அது சொல்லும்.

இந்தக் கேள்விக்குத் தொலை அகச்சிவப்பைவிட இடை அகச்சிவப்பே தகுந்த நீதிபதி. அரகோனைட் அதன் இரட்டைப் பட்டையால் அங்கே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதற்கும் மேலே ஒரு சாதனை உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவ் வைனரும் உடன் உழைத்தவர்களும், கால்சைட்டைச் சிறுகச் சிறுக அரைத்து இரு பட்டைகளின் உயர விகிதம் மாறும் பாதையைப் பின்தொடர்ந்து, பாறையில் விளைந்த கால்சைட், சாம்பலில் விளைந்தது, சுண்ணாம்புப் பூச்சில் விளைந்தது என மூன்றையும் பிரிக்கலாம் என்று 2008இலும் 2010இலும் காட்டினார்கள். அங்கே உலோகம் ஒன்றே, கனிமம் ஒன்றே. வேறுபடுவது பிறந்த விதம். உலோகத்தைப் படிப்பதில் மேதையான தொலை அகச்சிவப்புக்கு இந்த வகைப் பிரிவில் காட்ட இதுவரை நிகரான சாதனை இல்லை. செம்பூரான் கல்லின் இரும்பு ஆக்சைடுகளும் களிமண்ணும் சாந்தோடு கலந்திருக்கும்போது நிலைமை மேலும் சிக்கலாகிறது. ஹெமடைட், கோதைட், கயோலினைட் எல்லாம் 200 முதல் 550 வரை வலுவான பட்டைகளைக் கொட்டுகின்றன. கால்சைட்டின் 223, 297, 303 அவற்றுக்குள் அமிழ்ந்துவிடும். எஞ்சுவது 109 அருகேயுள்ள பட்டை. அந்த இடம் பெருமளவு காலியாக இருப்பதால் கால்சைட் உண்டா என்ற கேள்விக்கு அது நல்ல சாட்சி. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு சொட்டு நீர்த்த அமிலமும் விடை சொல்லிவிடும்.

தோட்டத்து மூட்டையின் கதை வேறு. மண் வரைபடங்களில் மலாக்கா வகை என்றே பெயர் பெற்ற செம்பூரான் பரல் மண் அமிலத்தன்மை உடையது. அமில மண்ணில் கரைந்து வரும் அலுமினியம் வேரை வாட்டும். சுண்ணாம்புத் தூள் அமிலத்தைக் குறைத்து அலுமினியத்தை வீழ்படிவாக்குகிறது; கால்சியத்தோடு மக்னீசியத்தையும் தருகிறது. செம்பனையின் முதிர்ந்த மட்டைகள் ஆரஞ்சு நிறமேறிக் காய்வது மக்னீசியக் குறையின் அறிகுறி என்பது தோட்டத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். சம்சுடின் ஜுசோப் உள்ளிட்ட மலேசிய மண்ணியலாளர்கள் இத்தூளின் விளைவைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். மூட்டைக்குள் மக்னீசியம் எத்தனை விழுக்காடு என்பதை வேதியியல் அளவீடு சொல்லும். தூய டோலமைட்டில் மக்னீசியம் ஆக்சைடு சுமார் 22 விழுக்காடு. அதைவிடக் குறைந்தால் கால்சைட்டோ வேறு கல்லோ கலந்திருக்கிறது. ஆனால், மண்ணில் கால்சைட் விரைந்து கரையும், டோலமைட் மெல்லக் கரையும். ஆகவே விழுக்காட்டோடு கனிம வடிவமும் தெரிய வேண்டும்.

இங்கே தொலை அகச்சிவப்புக்கு உரிமை கோரும் தகுதி இருக்கிறது. தூள் பெரும்பாலும் இரண்டே கார்பனேட்டுகளின் கலவை. பட்டைகள் தொலைவாக நிற்கின்றன. கால்சைட்டின் 109 இருக்கும் இடத்தில் டோலமைட் குறுக்கிடாது. முறையின் பலங்கள் அனைத்தும் கூடிவரும் வழக்கு இது. இருந்தும் முதலிடத்தை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக்கே தருவேன். கால்சைட்டின் தலையாய கோடு படிகத் தள இடைவெளி 3.03 ஆங்ஸ்ட்ராமில், டோலமைட்டினது 2.89இல். இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன; அளவையும் சொல்கின்றன; கால்சைட்டுக்குள் மக்னீசியம் ஓரளவு புகுந்திருந்தால் கோடு நகர்ந்து அதையும் காட்டிக்கொடுக்கிறது. துகளின் வடிவம் அந்தக் கோட்டின் இடத்தை மாற்றாது. தொலை அகச்சிவப்பால் இந்தக் கடைசி உறுதியைத் தர இயலவில்லை.

கருவிச் செலவையும் தட்டில் வைத்தாக வேண்டும். இடை அகச்சிவப்புக்குப் பயன்படும் பொட்டாசியம் புரோமைடு வில்லை 400க்குக் கீழே ஒளியை விடாது, பாலிஎதிலீன் வேண்டும். ஒளியைப் பிளக்கும் படலமும் உணரியும் மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீராவியின் சுழற்சிக் கோடுகள் இந்தப் பகுதி முழுவதும் நெருங்கி நிற்கின்றன. ஆண்டு முழுதும் ஈரம் சுமந்த மலாக்காக் காற்றில், ஒளிப்பாதையை வெற்றிடமாக்காமல் எடுக்கும் எந்தத் தொலை அகச்சிவப்பு நிறமாலையையும் நான் நம்ப மாட்டேன். வெற்றிட அமைப்போடு கூடிய கருவி விலை உயர்ந்தது. அதைப் பராமரிப்பது அதைவிடக் கடினம்.

தூய, ஒழுங்கமைந்த கார்பனேட் ஒன்றில் எந்த உலோகம் அமர்ந்திருக்கிறது என்ற ஒரு கேள்விக்கு, அதிர்வு முறைகளுள் தொலை அகச்சிவப்பு முதலிடம் பெறுகிறது. அந்த இடத்தை ராமனாலும் பறிக்க முடியாது. கலப்புக் கனிமத்தில் அது துணைச் சாட்சி. சாந்தில் அது தேவையற்றது, ஜி.எம்.எல். மூட்டையில் இரண்டாமிடம். வானத்துத் தூசியில் அது ஒன்றே சாட்சி என்பதால் அதன் சொல்லை இன்னும் கண்டிப்பாக விசாரிக்க வேண்டும். குளிர்ந்த வெப்பநிலையில், துகள் வடிவம் அறிந்த டோலமைட்டின் நிறமாலையோடு நெபுலாவின் 60-70 பகுதியை மீண்டும் பொருத்தி, டையோப்சைட்டையும் நீர்ப்பனியையும் முழுதாகக் கழித்த பிறகும் அந்த மேடு நின்றால், டோலமைட் மீதான என் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.